பிறவிக்குணம் என்னும் பித்தலாட்டம்

"பிறவிக்குணம் மட்டை வைத்துக் கட்டினாலும் போகாது" என்று ஒரு பழமொழி நம் மக்களிடையே நெடுநாளாக வழங்கி வருகிறது. இதை யார், யாரைப் பார்த்துச் சொல்லுகிறார்கள் என்று சற்றுக் கவனித்தால் ஒரு சங்கதி விளங்கும். மேலே உட்கார்ந்திருக்கிறவன் கீழே நிற்கிறவனைப் பார்த்துத்தான் பெரும்பாலும் இதைச் சொல்லுகிறான். "உனக்கு இது வராது, உன் பிறப்பு அப்படி" என்று சொல்லிவிட்டால், அவனுக்குப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டியதில்லை, உத்தியோகம் கொடுக்க வேண்டியதில்லை, பக்கத்தில் உட்காரவைக்க வேண்டியதும் இல்லை. இவ்வளவு செலவை மிச்சப்படுத்துகிற ஒரு தத்துவத்தை எந்தப் பணக்காரன்தான், எந்தப் புரோகிதன்தான் சுலபத்தில் விட்டுவிடுவான்?

இந்தத் தத்துவம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. இங்கே ஜாதியின் பேரால் நடந்து வருவது, அமெரிக்காவில் தோல் நிறத்தின் பேரால் நடந்தது. அந்த அமெரிக்காவில் கறுப்பராய்ப் பிறந்த ஓர் அறிஞர், பிறவிக்குணம் என்பது எவ்வளவு தூரம் உண்மை என்பதையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். அதிலும், மனிதனிடத்தில் அல்ல. எறும்பிடத்திலும் தேனீயிடத்திலும் கரப்பான் பூச்சியிடத்திலும் போய்ப் பரீட்சை செய்து பார்த்தார். அவர் பெயர் சார்லஸ் ஹென்றி டர்னர். அவருடைய வாழ்வை நம் மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

டர்னர் 1867-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, ஓஹையோ மாகாணத்துச் சின்சினாட்டி நகரத்தில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1865-ல்தான். சின்சினாட்டிக்கு நேர் எதிர்க்கரையில் இருப்பது கென்டக்கி மாகாணம். ஆற்றுக்கு அந்தக் கரையில் மனிதனை மாட்டைப்போல் விலைபேசி விற்றார்கள். இந்தக் கரையில் விற்கக்கூடாது. டர்னரின் தாயார் அந்தக் கென்டக்கியிலிருந்து வந்தவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தாதி வேலை செய்து பிழைத்தவர். தகப்பனார் கனடாவிலிருந்து வந்தவர். ஒரு கிறிஸ்தவக் கோவிலைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காத்து வந்தவர். அந்தக் காவல்காரர் வீட்டில் சொத்து இல்லை. ஆனால் புத்தகங்கள் இருந்தன. பையன் படித்தான், உயர்தரப் பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான். சின்சினாட்டி சர்வகலாசாலையில் 1891-ல் பி.எஸ்ஸி. பட்டமும், 1892-ல் எம்.எஸ்ஸி. பட்டமும் பெற்றான். அங்கே ஹெரிக் என்ற வெள்ளைக்கார ஆசிரியர், நிறத்தைப் பாராமல் புத்தியைப் பார்த்து அவனை ஆதரித்தார். அப்படிப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதை மறைப்பது நமக்கு அழகல்ல.

டர்னர் தம் மகன் ஒருவனுக்கு டார்வின் ரோமானெஸ் என்று பேர் வைத்தார். டார்வின் யார் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோமானெஸ் என்பவர் மிருகங்களின் அறிவைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். பிறந்த பிள்ளைக்கு அறிஞர்களின் பேரை வைப்பது ஏதோ நம் பக்கத்துத் தோழர்கள் மாத்திரம் செய்த பைத்தியக்காரத்தனம் என்று கேலி செய்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

நிற்க. டர்னர் ஆராய்ச்சிக்கு வந்த காலத்தில் பூச்சிகளைப் பற்றிப் பெரிய படிப்பாளிகள் என்ன சொல்லிக் கொண்டிருந்தார்கள்? பிரான்சு தேசத்தில் ஃபாபர் என்ற பெரியவர், குளவிகளின் செய்கைகளை வெகு அழகாக எழுதிவிட்டு, அவை எல்லாம் கண்மூடித்தனமான பிறவி உணர்ச்சி, அதில் மாறுதலுக்கு இடமே இல்லை என்றார். ஜெர்மனியில் பேதே என்பவர் 1898-ல், எறும்பும் தேனீயும் சாவி கொடுத்த யந்திரத்தைப் போன்றவை என்று வாதித்தார். லோப் என்பவர், விளக்கை நோக்கி விட்டில் பாய்வதுபோல் வெளிச்சம் இழுத்த பக்கம் உடம்பு திரும்புகிறது, அவ்வளவுதான் என்றார். இவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்களே. ஆனால் டர்னர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பூச்சிக்கு அனுபவத்தால் மாறும் சந்தர்ப்பத்தைக் கொடுத்துப் பார்த்தீர்களா?"

முதலில் 1892-ல் சிலந்தியைப் பார்த்தார். வலை கட்ட வேண்டும் என்ற தூண்டுதல் பிறவியில் வருகிறது, சந்தேகமில்லை. ஆனால் எந்த மூலையில், எந்தக் குச்சியில், எந்தச் சாய்வில் கட்டுவது என்பதை இடத்துக்குத் தக்கபடி சிலந்தி மாற்றிக் கொள்ளுகிறது என்று கண்டார். அதாவது, பிறவி என்பது ஒரு தொடக்கம், முடிவல்ல.

அடுத்து எறும்பு. அட்டையால் ஒரு மேடை கட்டி, அதிலிருந்து இறங்கச் சாய்வுப் பாதைகள் வைத்து, எறும்பையும் அதன் கூட்டுப்புழுக்களையும் மேலே விட்டார். முதலில் தத்தளித்த எறும்பு, பிறகு வழியைக் கற்றுக் கொண்டது. பாதையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு போகிறதா என்று பார்க்கப் பாதைகளை இடம் மாற்றினார். விளக்கை ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினார். விளக்கின் சூட்டால் ஏதேனும் நேருகிறதோ என்று அதையும் தடுத்துப் பார்த்தார். கடைசியில், எறும்பு வாசனையை மாத்திரமோ வெளிச்சத்தை மாத்திரமோ நம்பிப் போகவில்லை, பல அடையாளங்களையும் சேர்த்துப் பழகிக் கொள்ளுகிறது என்று நிரூபித்தார். இந்த ஆராய்ச்சிக்காக 1907-ல் சிகாகோ சர்வகலாசாலை அவருக்கு உயர்ந்த மதிப்புடன் டாக்டர் பட்டம் கொடுத்தது. அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் சில கறுப்பர்களில் அவர் ஒருவர்.

மண்ணில் வளை தோண்டி வாழும் ஒருவகைத் தேனீ தன் வளையை எப்படி அடையாளம் கண்டு திரும்புகிறது என்று 1908-ல் ஆராய்ந்தார். வளைக்கருகே ஒரு கொக்கோ கோலா சீசாவின் மூடி கிடந்தது. அந்த மூடியை எடுத்து வேறொரு துவாரத்தருகே வைத்தார். திரும்பி வந்த ஈ தன் சொந்த வளையை விட்டுவிட்டு மூடி இருந்த துவாரத்துக்குப் போயிற்று. ஏதோ தெய்வீக சக்தி அதை வீட்டுக்கு இழுத்து வரவில்லை. சுற்றுப்புறத்தைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொண்டுதான் வருகிறது என்பதற்கு ஒரு சீசா மூடியே சாட்சியாகிவிட்டது. பிரத்தியட்ச அறிவுக்குப் பெரிய யந்திரம்கூட வேண்டியதில்லை. சரியான கேள்வி இருந்தால் போதும்.

1910-ல் செயின்ட் லூயி நகரத்து ஓஃபாலன் பூங்காவில் தேனீக்களுக்கு நிறம் தெரியுமா என்று பார்த்தார். பூவின் நிறத்தால் ஒன்றுமில்லை, வாசனையால்தான் ஈ வருகிறது என்று அப்போது பெல்ஜியத்துப் பிளாட்டோ என்ற அறிஞர் வாதித்து வந்தார். டர்னர் சிவப்பு அட்டையில் தேன் வைத்துப் பழக்கினார். பிறகு தேனே படாத புதுச் சிவப்பு அட்டையை வைத்தார். ஈக்கள் அதற்கும் வந்தன. மறுவருஷம் கோடு, புள்ளி முதலிய வடிவங்களையும் அவை பிரித்தறிவதைக் காட்டினார்.

கரப்பான் பூச்சி இருட்டைத் தேடி ஓடும் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். டர்னர் 1912-ல் ஒரு பெட்டியின் இருட்டறையில் லேசான மின்சார அதிர்ச்சி வைத்தார். சில தடவை பட்ட பிறகு, "பிறவிக்குணப்படி" இருட்டுக்கு ஓட வேண்டிய கரப்பான் வெளிச்சத்திலேயே நின்றுவிட்டது. அதன் குணமே தலைகீழாகிவிட்டதா என்று பார்க்க வேறு பெட்டியில் விட்டார். அங்கே பழையபடி இருட்டுக்கு ஓடிற்று. அதாவது, "இருட்டு கெட்டது" என்று அது மாறிப்போகவில்லை. "இந்த இடத்து இருட்டு கெட்டது" என்று கற்றுக் கொண்டது. 1914-ல், ஒலிக்கு அசையாமல் கிடந்த பெரிய பட்டு அந்துப்பூச்சிகளையும், ஒலியோடு தொந்தரவையும் சேர்த்துப் பழக்கி, அவற்றுக்குக் காது கேட்கும் என்று வெளிப்படுத்தினார்.

இதனால் அவர் எல்லாப் பூச்சிக்கும் புத்தியை அள்ளிக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கக்கூடாது. மணலில் குழி பறித்து எறும்பு விழக் காத்திருக்கும் குழிநரிப் பூச்சியைத் தொட்டால் செத்ததுபோல் கிடக்கும். அது தந்திரமாக நடிக்கிறது என்றால் கேட்க நன்றாயிருக்கும். டர்னரோ 1915-ல் அதைப் பரீட்சித்து, இது நடிப்பல்ல, உடம்பு ஸ்தம்பித்துப் போவதுதான் என்று சொன்னார். தமக்குப் பிரியமான கட்சிக்குச் சாதகமாகச் சாட்சியை வளைக்காததுதான் ஒரு ஆராய்ச்சியாளனுக்கு யோக்கியதை.

சரி, இவ்வளவும் செய்தவருக்கு நாடு என்ன கொடுத்தது?

1893 முதல் 1905 வரை அட்லாண்டாவில் கறுப்பர்களுக்கென்று இருந்த கிளார்க் சர்வகலாசாலையில் விஞ்ஞான ஆசிரியராயிருந்தார். பிறகு தென்பகுதியில் இரண்டு சிறு பள்ளிகளில் வேலை பார்த்தார். சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்ற பின்னும், ஆராய்ச்சிக்கு வசதியுள்ள பெரிய சர்வகலாசாலை எதிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1908 முதல் 1922 வரை செயின்ட் லூயியில், கறுப்புப் பிள்ளைகளுக்கான சம்னர் உயர்தரப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். கறுப்பர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது குற்றம் என்று 1847-ல் சட்டம் செய்த மாகாணம் அது. அங்கே 1875-ல் எழுந்தது சம்னர் பள்ளி. தம் இனத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற விருப்பமும் அவருக்கு இருந்தது. ஆனால் விருப்பத்தால் ஒரு கதவுக்குள் போவது வேறு. மற்ற கதவெல்லாம் அடைபட்டிருப்பது வேறு.

பகலெல்லாம் பள்ளிக்கூட வேலை. ஆராய்ச்சிக்குச் சர்வகலாசாலைக் கூடமில்லை. கூட உழைக்க மேற்படிப்பு மாணவர்கள் இல்லை. ஊர்ப் பூங்காவும் அட்டையும் சீசா மூடியுந்தான் சாதனங்கள். இப்படியிருந்தும் எழுபதுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை எழுதினார். வீடு திரும்பும் எறும்பு கூட்டருகே வட்டமிடுவதைப் பிரெஞ்சு எழுத்தாளர் கோர்னெட்ஸ் "டர்னர் வட்டம்" என்றே பேரிட்டு அழைத்தார். உடல் நலிந்து 1922-ல் வேலையை விட்டு, 1923 பிப்ரவரி 14-ந் தேதி சிகாகோவில் இறந்தார். அப்போது வயது 56.

இங்கே ஒரு கூட்டத்தார் எழுந்து, "பார்த்தீர்களா! தடை இருந்தும் திறமை வெளிவந்துவிட்டதே! தகுதி உள்ளவன் எப்படியும் மேலே வருவான். சலுகை எதற்கு, சமத்துவச் சட்டம் எதற்கு?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் உள்ள சூதை நம் மக்கள் நன்றாய் அறிய வேண்டும். ஒருவன் காலில் கல்லைக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டு, அவன் எப்படியோ கரையேறியதும், "பார், கல்லால் ஒரு கெடுதலும் இல்லை" என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கரையேறிய ஒருவனைக் காட்டுகிறீர்களே, முழுகிப் போனவர்கள் கணக்கு எங்கே?

கரையேறியவருக்கும் நஷ்டமில்லையா? தேனீயின் நிறப்பார்வையைப் பற்றி ஆஸ்திரியரான கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914-ல் விரிவாய் எழுதினார். குளவி தன் வளையைச் சுற்றியுள்ள அடையாளத்தைக் கொண்டு திரும்புவதை, ஊசியிலை மரத்துக் காய்களை வட்டமாய் அடுக்கி வைத்து, டச்சுக்காரரான டின்பெர்கன் காட்டிய ஆராய்ச்சி 1932-ல் வெளிவந்தது. இந்த இருவரும் 1973-ல் நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்கள் உழைப்பு பெரியது. அதைக் குறைத்துப் பேசுவது நம் எண்ணமல்ல. ஆனால் அவர்களுக்குச் சர்வகலாசாலை இருந்தது, மாணவர் பரம்பரை இருந்தது, தொடங்கிய வேலையைத் தொடர ஆள் இருந்தது. டர்னர் தொடங்கிய வேலையைத் தொடர அவருக்கு ஒரு மாணவர் படை இல்லை. அதனால் நஷ்டப்பட்டது டர்னர் மாத்திரமா? பூச்சியின் அறிவைப் பற்றிய சாஸ்திரமே அல்லவா நஷ்டப்பட்டது? ஒருவனைத் தள்ளி வைக்கிறவன் தன் வீட்டு விளக்கையும் சேர்த்தே அணைத்துக் கொள்ளுகிறான்.

டர்னரைச் சிலையாக்கிக் கும்பிட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. சிவப்பைத் தேனீ நிறமாகவே பார்க்கிறதா, வெறும் கருமையாய்ப் பார்க்கிறதா என்பதை அவர் பரீட்சை தீர்க்கவில்லை. ஃபிரிஷ்தான் சாம்பல் நிற அட்டைகளையும் சேர்த்து வைத்து, தேனீக்கு நிறம் தெரியும், ஆனால் சிவப்பு தெரியாது என்று காட்டினார். இதனால் டர்னருக்கு அவமானம் ஒன்றுமில்லை. முன்னோர் சொன்னதைப் பின்னோர் பரீட்சித்துத் திருத்துவதுதான் விஞ்ஞானம். திருத்தக்கூடாது என்று சொல்லுவதுதான் வேதம்.

இன்னொரு கூட்டத்தார், "இயற்கையைப் பாருங்கள், தேன்கூட்டில் ராணி உண்டு, வேலைக்காரி உண்டு, அவரவர் தொழில் பிறப்பிலேயே அமைந்தது" என்று உபந்யாசம் செய்வார்கள். தேன்கூட்டைத் திறந்து பார்த்தவர்கள் சொல்லும் உண்மை வேறு. ராணியாகும் புழுவும் வேலைக்கார ஈயாகும் புழுவும் ஒரே மாதிரியான முட்டையிலிருந்துதான் வருகின்றன. எந்தப் புழுவுக்கு ராணிக்குரிய உணவை வளர்ச்சிக்காலம் முழுவதும் ஊட்டுகிறார்களோ அது ராணியாகிறது; மற்றது வேலைக்காரியாகிறது. வேலைக்கார ஈக்களிலும், புழு வளர்ப்பது, அடை கட்டுவது, வெளியே போய்த் தேன் கொண்டுவருவது எல்லாம் வயதையும் கூட்டின் தேவையையும் பொறுத்து மாறுகின்றன. ஒரு ஈக்கு ஒரே குலத்தொழில் என்பது கிடையாது. ஆகவே வருணாசிரமத்துக்குத் தேன்கூட்டைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள், அந்தச் சாட்சி தங்களுக்கு எதிராகவே பேசும் என்பதைத் தெரிந்துகொண்டு அழைப்பது நல்லது.

அன்றியும், டர்னர் வழி இன்றும் சரியென்றே தெரிகிறது. லண்டனில் ஒரு சர்வகலாசாலையில் வண்டுத்தேனீக்களுக்குச் சிறு பந்தை உருட்டிக் குறித்த இடத்தில் சேர்த்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். அவை கற்றுக் கொண்டன. மற்றொரு ஈ செய்வதைப் பார்த்தவை இன்னும் விரைவாய்க் கற்றன. பார்த்ததை அப்படியே காப்பியடிக்காமல், அருகிலிருந்த பந்தையே தேர்ந்துகொண்டன. இது 2017-ல் வெளியான ஆராய்ச்சி. தன் குலத்தில் ஒருவரும் செய்யாத வேலையை ஈ கற்கிறது. கடுகளவு மூளையுள்ள பூச்சிக்கு இது முடியும்; ஒரு தொழிலாளியின் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்லுகிறவனுக்கு என்ன பதில் சொல்வது?

பூச்சியைக் கொண்டு மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்டால், கூடாது என்றே நாமும் சொல்லுவோம். மனிதனைப் பற்றி டர்னரே தனியாக எழுதியிருக்கிறார். 1902-ல், கறுப்பர்களின் கல்வி இனப்பிரச்சினையைத் தீர்க்குமா என்ற கேள்விக்குப் பதில் எழுதியபோது, வெறுப்பையும் ஆராய்ச்சிக்கண் கொண்டே பார்த்தார். பழக்கமில்லாததைக் கண்டு ஒதுங்குவது ஒன்று. பிறரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வெறுப்பு மற்றொன்று. கற்றுக்கொண்டது என்றால் மாற்றவும் முடியும். ஆதலால் கறுப்பருக்கு மாத்திரம் கல்வி கொடுத்தால் போதாது. வெள்ளையருக்கும் நல்ல கல்வி வேண்டும் என்றார். இது வெகு முக்கியமான சங்கதி. தாழ்த்தப்பட்டவனைப் பார்த்து, "நீ குளி, படி, திருந்து" என்று உபதேசிக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. தாழ்த்துகிறவனைப் பார்த்து, "நீ படித்த படிப்பு போதாது, உன் அகம்பாவமும் நீ கற்றுக்கொண்டதுதான், அதை விடு" என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

டர்னர் வேலை பார்த்த காலம் முழுவதும் அமெரிக்காவின் பல மாகாணங்களில் பள்ளிகள் நிறத்தால் பிரிந்தே இருந்தன. தனித்தனியே வைத்தாலும் சமமாய் வைத்தால் சரிதான் என்று 1896-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பள்ளிகளைப் பொறுத்தமட்டில் அது தவறென்று 1954-ல் அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நடுவில் 58 வருஷங்கள். அதற்குள் டர்னரின் உத்தியோக வாழ்வில் பெரும்பகுதி கழிந்து போயிற்று. தீர்ப்பு மாறுவதற்காக மனிதன் ஆயுள் காத்திருக்காது.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் எவராவது ஒரு பிள்ளையைப் பார்த்து, "இது அந்தக் குடும்பத்துப் பிள்ளை, இதற்கு இந்தப் படிப்பு வராது" என்று சொல்லக் கேட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். டர்னர் கேட்ட கேள்வியையே கேளுங்கள்: "நீ எத்தனை தடவை சந்தர்ப்பம் கொடுத்துப் பார்த்தாய்? எந்தப் புத்தகத்தை அதன் கையில் கொடுத்தாய்? எந்த வாத்தியாரை வைத்தாய்? எவ்வளவு நாள் பார்த்தாய்?" என்று வரிசையாய்க் கேளுங்கள். ஒரு கரப்பான் பூச்சிக்குப் புத்தி இல்லை என்று சொல்லுவதற்குக்கூட ஒரு மனிதர் பெட்டி செய்து, மின்சாரம் வைத்து, தடவை தடவையாய்ப் பரீட்சை செய்து பார்த்தார். ஒரு மனிதக் குழந்தைக்குப் புத்தி இல்லை என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தவர் யார் என்றுதான் நாம் கேட்கிறோம்.